கிழக்கே ஒழுங்கை, தெற்கே பங்குக் கிணறு

ஞாயிறு, ரயிலில்

பிரித்தானியாவில் 1921ஆம் ஆண்டு எடுத்த குடிசன மதிப்பை நூறு வருடம் பூட்டி வைத்திருந்துவிட்டு, 2022 ஜனவரியில் எல்லோரும் பார்க்கத் திறந்து விட்டார்கள். லண்டனில் இருக்கும் என் மச்சாள், தான் இப்போது குடியிருக்கும் வீட்டில் அந்த வருடம் இருந்த வெள்ளைக்காரக் குடும்பத்தை அதில் தேடிப் பிடித்துவிட்டாள். தகப்பன் எங்கே வேலை, தாய்க்கு என்ன வயது, பிள்ளைகள் எத்தனை பேர், எல்லாம் இருக்கிறது. வட்ஸப்பில் அனுப்பிவிட்டுக் கீழே ஒரு கேள்வியும் போட்டிருந்தாள்: "எங்கட ஆக்களையும் இப்பிடி எடுக்கலாம்தானே?"

எடுக்க முடியாது. ஆனாலும் அந்தக் கேள்விதான், அம்மம்மாவின் வளவை, வீடு நின்ற காணியை, தேடி யாழ்ப்பாணம் போகும் இந்த ரயிலில் என்னை ஏற்றிவிட்டது.

இலங்கையிலும் தலை எண்ணாமல் விடவில்லை. ஆங்கிலேயர் 1824இல் கரையோர மாகாணங்களில் ஒரு கணக்கு எடுத்தார்கள். ஒழுங்கான குடிசன மதிப்பு 1871இல் தொடங்கி, பத்து வருடத்துக்கு ஒருமுறை நடந்தது. 1901இல் அதை நடத்தியவர் பொன்னம்பலம் அருணாசலம். மானிப்பாய் வேர் உள்ள குடும்பம். பதிவாளர் நாயகமாக இருந்து காணிப் பதிவுகளையும் ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். 1911இல் பட்டினங்களுக்கும் ஊர்களுக்குமான புள்ளிவிபரங்களைத் தனித் தொகுதியாகவே போட்டார்கள். ஆனால் இவை எல்லாவற்றிலும் நம் கைக்கு வருவது அச்சில் வந்த அட்டவணைதான். இன்ன ஊர், இத்தனை ஆண், இத்தனை பெண். வீடு வீடாக ஏறி இறங்கி எழுதிய பெயர்கள் அதில் இல்லை. பூட்டியும், அம்மம்மாவின் அம்மாவும், அந்த எண்ணிக்கைக்குள் ஒருத்தியாக இருக்கிறாள், ஆனால் ஆள் அகப்படமாட்டாள்.

அப்படியானால் அந்த அட்டவணை எதற்கு? ஊரின் அளவைப் பிடிக்க. முந்நூறு பேர் இருந்த ஊரில் ஒரு வளவைத் தேடுவதும் மூவாயிரம் பேர் இருந்த ஊரில் தேடுவதும் ஒரே வேலை இல்லை. ஊர்ப்பெயரை அந்தக் காலத்தில் எப்படி எழுதினார்கள் என்பதும் தெரிய வேண்டும். ஒரே ஊரை வசாவிளான், வயாவிளான் என்று நாங்களே இரண்டு விதமாக எழுதுகிறோம். ஆங்கில எழுத்தில் போட்டவர்கள் சும்மா விட்டிருப்பார்களா? அகரவரிசையில் ஓரிடத்தில் இல்லை என்றால் இன்னோரிடத்தில் பார்க்க வேண்டும்.

நான் தேடுவது குரும்பசிட்டியில் அம்மம்மாவின் வளவை. அம்மப்பாவுக்கு மலாயாவில் ரயில்வே உத்தியோகம். திரும்பி வந்தபின் கோண்டாவிலில் குடியேறிவிட்டார்கள். குரும்பசிட்டி வீட்டில் சொந்தக்காரர் இருந்தார்கள். அம்மாவும் சின்னம்மாவும் பள்ளிக்கூட விடுமுறைக்கு மட்டும் போய் வந்தவர்கள். 1990இல் வலிகாமம் வடக்குச் சனம் முழுவதும் ஊரை விட்டு எழும்பியது. ஊர் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. பல வருடம் கழித்துக் கட்டம் கட்டமாக விட்டபோது வீடு இல்லை, வேலி இல்லை, போன வழியும் இல்லை. அம்மாவும் இப்போது இல்லை. சின்னம்மாவுக்கு நினைவில் இருப்பது ஒரு புளிய மரமும் ஒரு கிணறும்.

குடிசன மதிப்பில் அந்த ஊருக்கு நேர்ந்ததும் இதுதான். 1981 மார்ச்சில் எண்ணினார்கள். 1991இல் நாட்டில் எங்குமே எண்ணவில்லை. 2001இல் வடக்கை முழுமையாக எண்ண முடியவில்லை. அடுத்த முழுக் கணக்கு 2012இல். கிளிநொச்சியும் சேர்ந்திருந்த 1981இன் யாழ்ப்பாண மாவட்டத்தில் 8 லட்சத்து 30 ஆயிரம் பேர். 2012இல் கிளிநொச்சி இல்லாமல் 5 லட்சத்து 83 ஆயிரம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் குரும்பசிட்டிக்கு அட்டவணையில் ஒரு வரிகூடக் கிடையாது.

மாங்குளம் தாண்டியாயிற்று. லப்டொப் சார்ஜும் முடிகிறது.

திங்கள், கோண்டாவில்

காலை முழுக்க ஓர் அலுவலகத்தில் வீணாய்ப் போனது. எது என்று எழுதமாட்டேன். பத்து மணிக்கு ஒருவர் வந்து, "இது இங்க இல்ல, அங்க" என்றார். அங்கே போனால், "ஆர் சொன்னது? இங்க இல்ல." சரி, வெயிலோடு திரும்பி வந்தேன்.

பின்னேரம் நல்லபடியாக விடிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். சின்னம்மா அலுமாரிக்கு மேலிருந்து தகரப் பெட்டியை இறக்கினார். அதற்குள் மலாயாவிலிருந்து வந்த பிஸ்கட் டின் ஒன்று. அதற்குள் உறுதிகள்.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதியைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் குடிசன மதிப்பு தராததை இதுதான் தருகிறது. முதலில் பற்று, கோயிற்பற்று, இறை என்று காணி எந்தப் பிரிவில் என்பது. கோயிற்பற்றுப் பிரிவு போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துச் சரக்கு. அவர்கள் போய் இருநூறு வருடத்துக்கு மேலாகியும் நொத்தாரிசுமார் விடாமல் எழுதி வந்திருக்கிறார்கள். பிறகு காணியின் பெயர். இங்கே ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் பெயர் இருக்கிறது: வளவு, சீமா, புலம், கலட்டி, பற்றை என்று முடியும். எங்களுடையது புளியடி வளவு. அடுத்தது விஸ்தீரணம், பரப்பிலும் குழியிலும். பதினெட்டுக் குழி ஒரு பரப்பு, பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். எங்கள் உறுதியில் ஐந்து பரப்பும் ஒன்பது குழியும். அதாவது ஐந்தரைப் பரப்பு, ஏறக்குறைய 1,390 சதுர மீற்றர். சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 37 மீற்றர் வரும். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள், நாளைக்குத் தேவைப்படும்.

கடைசியில் எல்லைகள். கிழக்கு ஒழுங்கை. வடக்கு கோயிலுக்குரிய காணி. மேற்கு இன்னார் பெண்சாதி இன்னாருக்கும் பங்காளருக்கும் உரிய காணி. தெற்கு அதேபோல் இன்னொரு பெண்ணின் காணி, "அவ்வெல்லையிலுள்ள கிணற்றில் அரைப் பங்கும், நீர் அள்ளும் பாத்தியமும், வழி வாய்க்கால் உரிமையும்." வளவுக்குள் இருந்தவையும் உண்டு: கல்வீடு, சமையல் கொட்டில், பனை, வடலி, தென்னை. இது 1936ஆம் ஆண்டுச் சீதன உறுதி. அம்மம்மாவின் கலியாணத்துக்குப் பூட்டியும் பூட்டனும் கொடுத்தது. காணிக்கு அடுத்த வரியில் நகைகள், ஒவ்வொன்றுக்கும் பெறுமதி போட்டு. அட்டியலை வாசித்ததும் சின்னம்மா கண்ணாடியைக் கழற்றினார். "உது பெரியக்காவுக்குப் போனது" என்றார். இத்தனை வருடக் கோபம் இன்னும் ஆறவில்லை.

உறுதியில் ஒரு வரி என்னை நிறுத்தியது. பூட்டிக்கு இந்தக் காணி வந்த வழி: "எமக்குத் தாய் வழிச் சீதனமாக வந்து, எமது ஆட்சியில் இருந்து வரும்..." பூட்டியின் அம்மாவுக்கும் இது சீதனம். அம்மம்மா, பூட்டி, பூட்டியின் அம்மா, எல்லோரும் இருந்தது அந்த ஒரே வளவில். ஆண்கள்தான் வெளியூரிலிருந்து வந்து அந்த வீட்டில் மாப்பிள்ளையாக இருந்திருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் வேரைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் தகப்பன் வழியில் ஏறுகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கேட்பதும் அதைத்தான்: அப்பப்பாவின் அப்பாவின் வீடு எங்கே? கேட்கத் தெரிந்த கேள்வி அது, ஆனால் இந்த ஊருக்குப் பொருந்தாத கேள்வி. தேசவழமையைப் பாருங்கள். கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி 1706, 1707இல் ஊர் வழக்கங்களைத் தொகுத்து, பன்னிரண்டு முதலிமாரிடம், ஊர்த் தலைமைக்காரரிடம், காட்டிச் சரிபார்த்த சட்டம். அதில் சொத்து மூன்று வகை: முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம், தேடியதேட்டம் (தாங்களே தேடிச் சேர்த்தது). தாயின் சீதனம் மகள்களுக்குச் சீதனமாகப் போகும், தகப்பனின் முதுசம் மகன்களுக்கு. நடைமுறையில் குடியிருந்த வளவு மகளுக்குப் போய்விடும், மகன் கலியாணம் செய்து இன்னொரு வீட்டுக்குப் போய்விடுவான். ஆண் வழியில் ஏறினால் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு புது ஊர் வரும். பெண் வழியில் ஏறினால் வீடு அசையாமல் நிற்கும்.

இதை விளக்கியபோது சின்னம்மா, "இதைக் கண்டுபிடிக்கக் கொழும்பில இருந்து வரவேணுமே? என்னட்டக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்" என்றார்.

செவ்வாய், வரைபடங்கள்

காணிப் பதிவகத்தில் தோம்பு, அதாவது பதிவேட்டில் அந்தக் காணிக்குரிய பக்கங்களின் பிரதி, எடுக்க விண்ணப்பம் கொடுத்தாயிற்று. உறுதியின் பின்புறத்தில் பதிவு முத்திரை இருந்தால் தொகுதி இலக்கமும் பக்க இலக்கமும் அதிலேயே இருக்கும், பாதி வேலை முடிந்தது. ஒவ்வொரு பக்கமும் தனக்கு முந்திய பக்கம் எது என்று மேலே சொல்லும், அதைப் பிடித்துப் பின்னால் போகலாம். உறுதி தொலைந்தவர்களும் உடைந்துவிடத் தேவையில்லை. நொத்தாரிசு எழுதும் ஒவ்வோர் உறுதிக்கும் இரண்டாம் பிரதியைப் பதிவகத்துக்கு அனுப்பியாக வேண்டும். நொத்தாரிசின் பெயரும் உறுதி இலக்கமும் வருடமும் தெரிந்தால் வழி இருக்கிறது.

அங்கிருந்து நடந்து பொது நூலகம். 1981 மே 31 இரவு தொடங்கி எரிந்து 97 ஆயிரம் நூல்கள் போன இடம். ஏட்டுச் சுவடிகளும் அதில். ஊர்ச் சரித்திரம் தேடுகிற எவருக்கும் அந்தப் பட்டியலில் எது இருந்தது என்ற எண்ணம் வராமல் போகாது. திரும்பக் கட்டிய மண்டபத்தில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்துக் கொண்டிருந்தார்கள், மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைக்கவில்லை. பழைய பத்திரிகைகள் இப்போது நூலகம் நிறுவனத்தின் மின்னூலகத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். குரும்பசிட்டிக்காரருக்கு அதில் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. 1930இல் ஈழகேசரிப் பத்திரிகையைத் தொடங்கிய நா. பொன்னையா அந்த ஊர்க்காரர். கலியாணம், சாவு, பள்ளிக்கூட விழா என்று பக்கத்து ஊருக்குக் கிடைக்காத இடம் அந்த ஊருக்குக் கிடைத்திருக்கிறது.

வரைபடங்களுக்கு வருவோம். மிகப் பழையதில் எல்லோருக்கும் தெரிந்தது பால்தேயு பாதிரியாரின் நூலில் உள்ளது, 1672இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. யாழ்ப்பாணக் கோயிற்பற்றுகளின் தேவாலயங்களைப் படமாகவே போட்டிருக்கிறார். பார்க்க வடிவு. வளவு தேட உதவாது. உதவுவது நில அளவைத் திணைக்களம் பிறகு வெளியிட்ட படங்கள், ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில். 1800இல் தொடங்கிய திணைக்களம் அது. அதில் கோயில், பள்ளிக்கூடம், குளம், வண்டிப்பாதை எல்லாம் வரும். வீடு வராது.

ஒரு படம் எந்தக் காலத்தது என்று சந்தேகம் வந்தால் ரயில் பாதையைப் பாருங்கள். காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை ரயில் ஓடியது 1902இல், தெற்கோடு முழுவதும் இணைந்தது 1905இல். மல்லாகம், தெல்லிப்பழைப் பக்கம் தண்டவாளக் கோடு இல்லை என்றால் படம் அதற்கு முந்தியது. கோடு பாதியில் நின்றால், அந்த இரண்டு வருடங்களுக்கும் இடைப்பட்டதா என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இரவு சாப்பிட்டபின் படத்தை லப்டொப்பில் ஏற்றி, இன்றைய செய்மதிப் படத்தின் மேல் பொருத்தினேன். அலுவலகத்தில் தினமும் இந்த மென்பொருளோடு மல்லுக்கட்டுகிறவள் நான், ஆகவே சுகமாய்ப் போனது. பொருத்துவதற்கு அசையாத புள்ளிகள் வேண்டும். யாழ்ப்பாணத்தில் அதற்குக் குறைவில்லை: கோட்டையின் ஐந்து முனைகள், ரயில் நிலையங்கள், பழைய சந்திகள், கோயில்கள். கோயிலை மட்டும் விசாரித்துவிட்டு எடுங்கள், சிலவற்றைத் திருப்பணியில் தள்ளிக் கட்டியிருப்பார்கள்.

ஒரு விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும். பழைய இலங்கைப் படங்களில் இடங்களைக் குறிக்க எடுத்துக்கொண்ட ஆதாரத் தளமும் கைப்பேசியின் ஜீபிஎஸ் எடுத்துக்கொள்ளும் ஆதாரத் தளமும் வேறு வேறு. மாற்றிக் கணிக்காமல் ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் நூறு மீற்றருக்கு மேல் விலகி நிற்கும். எங்கள் வளவின் ஒரு பக்கம் 37 மீற்றர் என்று சொன்னேன் அல்லவா. நூறு மீற்றர் பிசகினால் மூன்று வளவு தாண்டி யாரோ ஒருவர் வீட்டு முற்றத்தில் நின்று கண் கலங்க வேண்டியதுதான். வெளிநாட்டிலிருந்து வந்து அப்படிக் கலங்கிவிட்டுப் போனவர்களும் இருக்கத்தான் செய்வார்கள்.

புதன், பருத்தித்துறை

அப்பா வழியையும் பார்க்காமல் விட்டால் பெரியப்பா கோபிப்பார். தும்பளைக்குப் போனேன். அப்பப்பாவின் அப்பா பிறந்த இடம் தெருமூடி மடத்துக்குக் கிட்ட என்பது குடும்பக் கதை. மடத்துக்குக் கீழாலேயே வீதி போகிறது, இரண்டு பக்கமும் திண்ணை, நடுவால் பஸ்ஸும் ஓட்டோவும். நல்ல நிழல். அரை மணித்தியாலம் இருந்தேன்.

வேறொன்றும் கிடைக்கவில்லை. பூட்டன் அங்கே பிறந்து, கரவெட்டியில் கலியாணம் செய்து, அவர் மகன் உடுவிலில் கலியாணம் செய்து, அந்த மகனின் மகன் இன்னோர் ஊரில். தும்பளை வளவு பூட்டனின் தங்கைக்குச் சீதனமாகப் போயிருக்க வேண்டும். அந்தத் தங்கையின் பெயர் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஆண்களின் பெயர் ஆறு தலைமுறைக்குச் சொல்லத் தெரிந்தவர்கள் பெண்ணின் பெயரில் இரண்டாம் தலைமுறையிலேயே நின்று விடுகிறார்கள். வளவோ அந்தப் பெயரில்தான் இருக்கிறது. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் திருமுழுக்குப் பதிவேட்டில் தாயின் பெயர் இருக்கும், அமெரிக்க மிசன் 1816இலிருந்து இங்கே இருக்கிறது. சைவக் குடும்பத்துக்கு உறுதியை விட்டால் பிறப்பு, இறப்புப் பதிவுதான், அதுவும் 1867க்குப் பிறகு.

பருத்தித்துறை வடை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். தட்டையாய், மொறுமொறுப்பாய். அந்த அளவில் பயணம் வீண் இல்லை.

வியாழன், குரும்பசிட்டி

பலாலி வீதியால் உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் தாண்டிப் போகும் வழியெல்லாம் செம்மண். இரண்டு பக்கமும் வெங்காயம், மரவள்ளி, வாழை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மதில்கள் புதிதாகின்றன. பழைய மதில் இல்லாத ஊர் எது என்று பார்த்தாலே எல்லை எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும்.

ஓட்டோவில் சின்னம்மாவும் நானும். எழுபத்தெட்டு வயதில், "நான் வராம நீ என்னத்தைக் கண்டுபிடிப்பாய்" என்று குடையோடு ஏறிவிட்டார். கைப்பேசியில் செவ்வாய் இரவு பொருத்திய படம். கோயிலடியில் இறங்கி, படத்தில் வண்டிப்பாதை இருந்த திசையில் நடந்தோம். புதிதாகக் குடியேறிய வீடுகள் இடைக்கிடை. மற்றதெல்லாம் நாயுண்ணியும் பாதீனியமும். கண்ணிவெடி அகற்றி முடிந்த இடமா என்று கேட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். நாங்கள் ஊர்க்காரர் நடந்து பழகிய தடத்தை விட்டு விலகவில்லை.

சின்னம்மா மரத்தைத் தேடினார். புளிய மரம் நிச்சயமாக நிற்கும் என்று அவருக்கு நம்பிக்கை. நிற்கவில்லை, அந்தப் பக்கத்தில் பெரிய மரமே இல்லை. நான் கிணறுகளைத் தேடினேன். வீட்டை இடித்து மட்டமாக்கலாம், வேலியைப் பிடுங்கலாம், சுண்ணாம்புக்கல்லைக் குடைந்து வெட்டிய கிணற்றை இடம் மாற்ற முடியாது. உறுதியில் எங்கள் கிணறு தெற்கெல்லையில், பங்குக் கிணறு. ஆகவே வளவுக்கு நடுவில் நிற்கும் கிணறு எதுவும் எங்களுடையது இல்லை. இரண்டு பக்கத்தாலும் அள்ளிய கிணறு வேண்டும்.

முதல் கிணறு தூர்ந்து கிடந்தது. அடுத்ததன் கட்டில் ஒரு பக்கம் மட்டும் சீமெந்துத் தளம். அதற்கப்பால், பற்றைக்குள், ஒன்று.

கிட்டப் போய்ப் பார்த்தோம். வட்டக் கட்டு, ஓரிடத்தில் உடைந்து உள்ளே சரிந்திருந்தது. வடக்கிலும் தெற்கிலும் இரண்டு தளங்கள், இரண்டிலும் உடுப்புத் தோய்க்கும் கல். நடுவால் கட்டின் இரண்டு பக்கமும் முறிந்த மதிலின் மிச்சம், கிணற்றுக்குக் குறுக்கே மதில் போயிருக்கிறது. அந்தப் பக்கத்துப் பெண்கள் குளிப்பது இந்தப் பக்கத்துக்குத் தெரியாது, தண்ணீர் மட்டும் பொது. வடக்குத் தளத்தில் துலாக்கால் நட்ட குழி, தெற்கில் கப்பி பூட்டிய தூணின் அடி. கட்டின் உட்புறத்தில் சாந்து ஈரமாக இருந்தபோது யாரோ விரலால் எழுதிய வருடம்: 1941. உறுதிக்கு ஐந்து வருடம் பிந்தியது. கட்டைத் திருத்திய வருடமாக இருக்கலாம், அல்லது இது வேறு கிணறாகவும் இருக்கலாம். நான் படம் எடுத்துக்கொண்டிருக்க, சின்னம்மா வடக்குத் தளத்தில் ஏறி நின்று சுற்றிப் பார்த்தார்.

"இதில நிண்டா கோயில் மணி வலக்காதுப் பக்கம் கேக்கவேணும்" என்றார். எனக்கு விளங்கவில்லை. சின்ன வயதில் குளிக்க வார்த்துவிடும்போது மணி அடிப்பது அந்தப் பக்கமாம். திசையைப் படத்தில் பார்த்தேன். அவர் நின்ற நிலைக்குக் கோயில் வலப்பக்கம்தான்.

அப்போது சைக்கிளில் ஒரு ஐயா வந்து நின்றார். மண்வெட்டியைப் பின்னால் கட்டியிருந்தார்.

"ஆர் பிள்ளை? நீ ஆற்றை மேள்?"

அப்பாவின் பெயரைச் சொன்னேன். தெரியாது. அம்மப்பாவின் பெயர், மலாயாக்காரர் என்றேன். உதட்டைப் பிதுக்கினார். "உப்பிடி ஆம்பிளையளின்ரை பேரைச் சொன்னா எனக்கு எப்பிடி விளங்கும்? கொம்மாவின்ரை தாய் ஆர்?"

சின்னம்மா தன் அம்மாவின் பெயரையும் அம்மம்மாவின் பெயரையும் சொன்னார். ஐயா சைக்கிளை ஸ்டாண்டில் போட்டார்.

"புளியடியார் எண்டு சொல்லுங்கோவன்! இந்தக் கிணத்திலதானே எங்கடை ஆச்சியும் அள்ளினவ. நாங்கள் தெற்குப் பக்கம்." தெற்குத் தளத்தைக் காட்டினார். "உங்கடை பக்கம் துலா. நாங்கள் கப்பி பூட்டினதுக்கு உங்கடை ஆச்சி ஒரு வரியம் கதைக்கேல்லை. சத்தம் போடுதாம்."

அதற்குப் பிறகு எனக்கு வேலை இல்லை. இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள், பெரும்பாலும் யார் எங்கே செத்தார்கள் என்று. புளிய மரம் எங்கே நின்றது என்று ஐயா காட்டினார், ஒரு மண்மேடு. அதிலிருந்து கிணற்றுக்குக் காலடி வைத்து அளந்தேன். வடக்கே கோயில் காணி சரி வருகிறது. மேற்கும் சரி. கிழக்கு ஒழுங்கைதான் இல்லை. அதைக் கிளறித் தள்ளிவிட்டு, கொஞ்சம் அப்பால் கிரவல் வீதி ஒன்று போட்டிருக்கிறார்கள். ஒழுங்கை இருந்த நிலம் இப்போது யாருடைய பக்கம் என்பதில் ஐயாவுக்கு ஒரு கருத்து இருக்கிறது. சின்னம்மாவுக்கு வேறொரு கருத்து. அந்தக் கட்டத்தில் நான் ஓட்டோவைக் கூப்பிட்டேன்.

வெள்ளி, கோண்டாவில்

விதானையாரைக் காலையில் பார்த்தோம். ஜீஎஸ், கிராம சேவகர், என்று சொன்னாலும் எங்கள் வீட்டில் இன்னும் விதானையார்தான். அவர் சுருக்கமாகச் சொன்னார்: உறுதி, தோம்பு, நில அளவையாளரின் படம், மூன்றும் வேண்டும். அளவையாளர் ஒருவருக்கு அழைப்பு எடுத்தாயிற்று. ஒழுங்கையின் பழைய கோடு கிராமப் படத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வருவாராம். நியாயம்.

பின்னேரம் தோம்பும் கைக்கு வந்தது. 1936க்கு முந்தி இரண்டு பதிவு, இரண்டும் பெண் பெயரில், இரண்டும் சீதனம். பிந்தியதைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. அம்மம்மாவுக்குப் பிறகு காணி ஒருவருக்கும் எழுதப்படவில்லை. ஆகவே பிரிக்கப்படாத பங்குகளாக நிற்கிறது. அம்மாவின் பங்கு எங்கள் மூவருக்கு, பெரியம்மாவின் பங்கு ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் உள்ள பிள்ளைகளுக்கு, மாமாவின் பங்கு லண்டன் மச்சாளுக்கும் தம்பிமாருக்கும். ஐந்தரைப் பரப்பில் ஒவ்வொருவருக்கும் எத்தனை குழி என்று கணக்குப் போட்டு மச்சாளுக்கு அனுப்பினேன். சிரிக்கும் பொம்மை ஒன்று அனுப்பியிருக்கிறாள். கிணற்றில் அரைப் பங்கில் தனக்கு எத்தனை வாளி என்றும் கேட்டிருக்கிறாள்.

சின்னம்மா இப்போது வேறு வேலையில் இறங்கியிருக்கிறார். உறுதிகளை எல்லாம் சந்தியில் உள்ள கடையில் லமினேட் செய்து வைக்கப் போகிறாராம், கறையான் அரிக்காமல். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். சூட்டில் பழைய மை பழுதாகலாம், பின்புறத்தில் இனி ஒரு முத்திரை குத்த முடியாது, பிறகு பிரித்தெடுக்கவும் முடியாது. ஸ்கான் செய்து இரண்டு மூன்று இடத்தில் வைத்தால் போதும், மூலத்தை அமிலம் இல்லாத கடதாசியில் சுற்றி அதே டின்னில் வைக்கலாம்.

"அந்தக் கடைக்காரப் பெடியன் வடிவா ஒட்டுவான்" என்கிறார். காலையில் அவர் எழும்புவதற்கு முன் டின்னை எடுத்து என் பைக்குள் வைக்க வேண்டும்.